படக்கதையும் பார்வையற்றோரும்

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோரின் கதையை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். காலைத் தடவியவர் தூண் என்றார். காதைத் தடவியவர் முறம் என்றார். வாலைப் பிடித்தவர் துடைப்பம் என்றார். கேட்டு நகைத்தோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் எவரும் கேட்டதில்லை. காலைத் தடவியவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, காதையும் தும்பிக்கையையும் தடவச் செய்யக் கண்ணுள்ளவர் ஒருவர்கூட அங்கே இல்லையா? குறை தடவியவரின் விரலில் இருந்ததா, அருகே நின்று நகைத்தவரின் மனத்தில் இருந்ததா?

இக்கேள்வியை எனக்குக் கற்பித்தது பல்கலைக்கழகம் அன்று, சாலைக் கடைத்தெரு.

சாலையில் கற்ற பாடம்

சாலைக் கடைத்தெருவை நம் மாணவர் அனைவரும் அறிவர். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய கடைத்தெரு அது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நடந்தால், மலையாளமும் தமிழும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதைக் கேட்கலாம். ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தந்தையார், அங்கே ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுத அமர்ந்தார். நான் பள்ளியில் கற்றது மலையாளம். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்குக் கைகொடுத்தவை படக்கதைகள்.

அப்படக்கதைகளை எனக்குத் தந்தவர் அடுத்த கடை அண்ணாச்சி. 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. அந்நாள் தொட்டு வாங்கிச் சேர்த்த இதழ்கள் அவருடைய தகரப் பெட்டி ஒன்றில் நிறைந்து கிடந்தன. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, சர்க்கரை நோய் முற்றி அண்ணாச்சியின் கண்ணொளி மெல்ல மெல்ல அணைந்தது. கடையை மகன் ஏற்றான். பெட்டி மூலைக்குச் சென்றது.

ஒருநாள் அவர் என்னை அழைத்து, “தம்பி, ஒரு புஸ்தகத்தை எடுத்து வாசி, கேப்போம்” என்றார். நானும் பெருமிதத்துடன் வாசித்தேன். வாசித்தேன் என்றால் என்ன செய்தேன்? பாத்திரங்களின் வாயருகே வட்டமிட்டிருந்த எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பித்தேன். இரண்டு பக்கம் சென்றதும் அண்ணாச்சி கை காட்டி நிறுத்தினார். “இதைச் சொன்னது யாரு? அவன் எங்க நிக்கான்? நடுவில பேச்சில்லாத படம் ஒண்ணு உண்டே, அதை ஏன் விட்டுட்ட?” என்றார்.

அவர் முன்பே படித்திருந்த நூல் அது. ஆதலால் நான் விட்டதை அவருடைய நினைவு இட்டு நிரப்பியது. சில நாள் கழித்துப் புதிய இதழ் ஒன்றை வாங்கிச் சென்றேன். வாசித்துக்கொண்டிருக்கையில் ஒரு படத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியும் என்னோடு சிரிக்க முயன்றார். பிறகு மெதுவாக, “நீ சிரிச்சாச்சு. எதுக்குச் சிரிச்சேன்னு எனக்குத் தெரியலியே” என்றார். அன்று நான் வெட்கினேன். அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

படக்கதை என்பது யாது?

படக்கதையில் படம் ஒரு பங்கு, சொல் ஒரு பங்கு. இவ்விரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவேயுள்ள வெற்றிடம். முதற் கட்டத்தில் ஒருவன் கல்லை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. கல் பறந்ததை ஓவியர் வரையவில்லை; நாமே நம் மனத்தில் வரைந்துகொள்கிறோம். ஸ்காட் மெக்கிளவுட் என்னும் அமெரிக்க ஓவியர், படக்கதையின் இலக்கணத்தைப் படக்கதை வடிவிலேயே 1993-இல் நூலாக எழுதினார். அவர் முதன்மையாக வற்புறுத்தியது இவ்வெற்றிடத்தையே. படிப்பவன் அங்கே கதையின் பங்காளி ஆகிறான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவேன். நான்கு கட்டங்களில் ஒரு சிறு படக்கதை இருப்பதாகக் கொள்வோம். முதற் கட்டம்: சாலையில் ஒரு கடை, கடைக்காரர் ஏணிமேல் நின்று, பரணிலுள்ள வெல்லப் பானையை எட்டுகிறார். இரண்டாம் கட்டம்: ஏணியின் அடியில் பூனை உறங்குகிறது, அதன் வாலருகே ஓர் எலி. மூன்றாம் கட்டம்: படம் ஏதுமில்லை, ‘தொபுக்கடீர்!’ என்ற பெரிய எழுத்து மட்டும். நான்காம் கட்டம்: கடைக்காரர் தரையில் அமர்ந்திருக்கிறார், வெல்லப் பானை அவர் தலையில் கவிழ்ந்திருக்கிறது, பூனை ஏணியின் உச்சிப்படியில் நிற்கிறது, எலி தராசுத் தட்டில் சுகமாய் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறது.

இதை மூன்று வகையாகப் படித்துக் காட்டலாம். எழுத்தை மட்டும் படிப்பவர், “தொபுக்கடீர்” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவார். நான் செய்த தவறு இதுதான். அளவுக்கு மீறி உதவுகிறவர், “எலி பூனையின் வாலைக் கடித்தது, பூனை வெருண்டு ஏணியில் தாவியது, ஏணி ஆடிக் கடைக்காரர் விழுந்தார்” என்பார். செய்தி கிடைத்துவிடும், கதை செத்துவிடும். ஏனெனில் எலி கடித்ததை ஓவியர் எங்கும் வரையவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் இன்பம் படிப்பவனுக்கு உரியது. அதை இடையில் நின்றவர் பறித்துக்கொண்டார். மூன்றாமவர் நான்கு கட்டங்களில் உள்ளதை உள்ளவாறு முறையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின் சற்றே நிறுத்துவார். கேட்பவர் தாமே இணைத்துக்கொண்டு தாமே சிரிப்பார்.

பார்வையற்றோருக்குப் படக்கதையைக் கொண்டுசெல்லும் கலை முழுவதும் இம்மூன்றாம் வகையில் அடங்கும். படத்தை மறைக்கவும் கூடாது; வெற்றிடத்தை நாமே அடைக்கவும் கூடாது.

விரலின் விஞ்ஞானம்

“படத்தின் கோடுகளை மேடாக்கித் தாளில் பதித்துவிட்டால், விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார்களே?” என்று நண்பர் சிலர் கேட்பர். நல்ல கேள்விதான்; ஆனால் விரல் கண்ணன்று. விரல் நுனியில் இரண்டு ஊசி முனைகளை மெல்ல வைத்தால், அவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விலகியிருந்தால்தான் இரண்டு என்று தெளிவாக உணர்கிறோம். படிக்கும் தொலைவிலோ, நல்ல கண் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் இடைவெளியையும் பிரித்தறியும். நீளத்தில் 20 மடங்கு. பரப்பில் 400 மடங்கு வேற்றுமை. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தின் நுணுக்கங்கள் யாவும் விரலுக்குத் தெரிய வேண்டுமானால், அதை 120 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெருக்க வேண்டும்! மேலும், கண் ஒரு பார்வையில் முழுப் படத்தையும் கொள்ளும். விரல் துண்டு துண்டாகத் தடவிச் சென்று, நினைவில் ஒட்டவைத்து முழுமை காணும். எனவே அச்சுப் படத்தை அப்படியே மேடாக்கினால் விரலுக்குக் கிடைப்பது நூற்கண்டின் சிக்கலே.

இப்பாடத்தை உலகம் முன்பே ஒருமுறை கற்றிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலந்தேன் அவி என்பார் பாரிஸ் நகரில் பார்வையற்ற சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். கண்ணுள்ளோர் படிக்கும் எழுத்துகளின் வடிவையே தாளில் புடைக்கச் செய்து அவர் பாடம் நடத்தினார். தடவிப் படிப்பது மிகக் கடினமாயிருந்தது. அப்பள்ளியில் பயின்றவரே லூயி பிரெய்ல். தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பட்டு, மூன்று வயதில் விபத்துக்குள்ளாகிப் பார்வை இழந்தவர். கண்ணுக்குரிய வடிவத்தை அவர் அடியோடு துறந்தார். விரல் நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், புதியதோர் எழுத்து முறையை உருவாக்கினார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகள் 63 வடிவங்களைத் தருகின்றன.

தமிழுக்கு 247 எழுத்துகள் ஆயிற்றே, 63 வடிவம் போதுமா என்று ஐயுறலாம். 1951-இல் இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் ‘கி’ என்பதற்குத் தனி வடிவம் இல்லை. ‘க’வின் வடிவை அடுத்து ‘இ’யின் வடிவை இடுவர். நாமும் உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறப்பதாகத்தானே இலக்கணத்தில் படிக்கிறோம்! கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிவது விரலுக்கு இரண்டாய் வருகிறது, மொழி மாறவில்லை.

எழுத்துக்கு பிரெய்ல் செய்ததைப் படக்கதைக்கும் செய்ய வேண்டும். வடிவைப் பெயர்க்காமல் உயிரைப் பெயர்க்க வேண்டும்.

இதுவரை நடந்தவை

அவ்வாறு செய்து காட்டியவர் உளர். சுவீடனில் மால்மோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பிலிப் மேயர் என்ற மாணவர், தடவிப் படிக்கும் படக்கதை ஒன்றை 2013-இல் உருவாக்கினார். பார்வையற்றோருக்கான டென்மார்க் நாட்டு நூலகம் அவருக்குத் துணை நின்றது. அதன் பெயர் ‘வாழ்வு’. அதில் மனித முகம் இல்லை; மலை மரம் இல்லை; சொல்லும் இல்லை. வட்டங்களே பாத்திரங்கள். ஒரு வட்டம் தனித்து வருகிறது, வேறு வகைத் தடிப்புள்ள வட்டம் அதைச் சந்திக்கிறது, இரண்டும் நெருங்குகின்றன, சிறு வட்டம் ஒன்று தோன்றுகிறது, வளர்கிறது, பிரிந்து செல்கிறது, மூத்த வட்டங்கள் தேய்ந்து மறைகின்றன. இதைக் கண்ணுள்ளவரும் பார்வையற்றவரும் ஒருங்கே படிக்கலாம். இருவர்க்கும் ஒரே அளவு வேலை. கட்ட இடைவெளியை இட்டு நிரப்பும் உரிமை இங்கே விரலுக்கும் கிடைத்தது.

“பிறவியிலேயே பார்வையற்றவருக்குப் படம் என்றால் என்னவென்றே விளங்காதே” என்று கூறுவாரும் உளர். அது பிழை. டொராண்டோ பல்கலைக்கழகத்து ஜான் கென்னடி பல ஆண்டுகள் ஆய்ந்து, பார்வையற்றோர் கோட்டுப் படங்களைத் தடவி அறியவும் தாமே வரையவும் வல்லவர் என்பதை 1993-இல் நூலாக வெளியிட்டார். துருக்கி நாட்டு எஷ்ரெஃப் அர்மகான் பிறவியிலேயே பார்வையற்றவர், ஆயினும் ஓவியர். தொலைவில் உள்ளது சிறுத்துத் தோன்றும் முறையையும் அவர் வரைகிறார். விளங்காதது படமன்று, நாம் அதைக் கொண்டுசேர்க்கும் முறைதான் விளங்கவில்லை.

ஒலி வழியும் உண்டு. வானொலியில் திரைப்படங்களை ஒலிச்சித்திரமாகக் கேட்டவர் நம் வீடுகளில் பலர். இங்கே திருவனந்தபுரத்தார் அதைச் சப்தரேகை என்பர். வசனம் வரும்வரை அது இனிக்கும். சண்டை வந்ததும் ‘டமால், டுமீல்’. யார் அடித்தார், யார் விழுந்தார் என்பது தெரியாது. இக்குறை நம் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இல்லை என்பதைக் கருதிப் பாருங்கள். புலவர் களத்தைச் சொல்வார்; வருபவரைச் சொல்வார்; அவர் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வார்; பிறகே அவரைப் பேச வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை குறைவதில்லை. படக்கதையைச் சொல்ல விரும்புவோர்க்கு அப்பாட்டைவிட நல்ல ஆசான் வேறில்லை.

ஏனையோர்

நான் பார்வையற்றோரையே மிகுதியாகப் பேசினேன். ஆனால் படக்கதையின் கதவு வேறு சிலருக்கும் ஒடுங்கியே இருக்கிறது. மங்கிய பார்வையுடையவர்க்குச் சிறு எழுத்தும், கருநிறத்தின்மேல் அச்சிட்ட நீல எழுத்தும் தொல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்க்கு, நிறத்தால் மட்டும் வேறுபடுத்திய இரு பாத்திரங்கள் ஒருவரே. கை நடுங்குவோர்க்கும் கையற்றோர்க்கும் தாளைப் புரட்டுவதே துன்பம். கைப்பேசியில் வருவது அவர்க்கு நலம்.

கைப்பேசி என்றதும் ஓர் எச்சரிக்கை. இன்று எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்கள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் உள்ளன, தமிழையும் படிக்கின்றன. ஆனால் படக்கதையின் எழுத்து படத்தோடு படமாக வரையப்பட்டது. அங்கே அவை பெரும்பாலும் வாயடைத்து நிற்கும். படத்தைப் பார்த்து விவரிக்கும் இயந்திரங்களும் வந்துள்ளன. அவை தனிப்படத்தை ஓரளவு நன்றாகவே சொல்கின்றன. ஆயினும் மூன்றாம் பக்கத்தில் முகமூடியோடு வந்தவனே ஏழாம் பக்கத்தில் தபால்காரனாக வருகிறான் என்பதற்கு ஓவியர் வைத்த குறிப்பு எது, அதை இப்போதே சொல்லலாமா, மறைக்க வேண்டுமா என்று தேர்வதற்குக் கதையை முழுதும் படித்த மனிதர் ஒருவர் வேண்டும்.

ஓர் முரண்

இங்கே ஒரு முரணை எண்ணாமல் இருக்க முடியவில்லை. இரும்புக்கை மாயாவி யார்? 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டேல். விபத்தில் கை இழந்து, இரும்புக்கை பூண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; கை மட்டும் தெரியும். 1964-இல் அமெரிக்காவில் பிறந்த ‘டேர்டெவில்’ என்னும் வீரன் பார்வையற்றவன். பகலில் வழக்கறிஞன், இரவில் காவலன். ஊனமுற்றோரை வீரராக்கி மகிழ்ந்தது படக்கதை உலகம். அவர்களை வாசகராக்க மட்டும் மறந்துவிட்டது!

சட்டம் நம் பக்கம்

“பதிப்புரிமை இருக்கிறதே, பிறர் நூலை நாம் மாற்றலாமா?” என்ற அச்சம் எழலாம். 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஊனமுற்றோர் தம் சொந்தப் பயனுக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உதவுமாறு, ஒரு நூலை அவர்கள் படிக்கத்தக்க வடிவில் ஆக்கிப் பகிர அது இடம் தருகிறது. வணிகமாக்கக் கூடாது, அவ்வளவே. இதே நோக்கத்தோடு 2013-இல் மராக்கேஷ் நகரில் உலக உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா; ஆண்டு 2014. உடன்படிக்கை 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ‘சுகம்ய புஸ்தகாலய’ என்னும் இணைய நூலகமும் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம். வாசகர் இருக்கின்றனர், சட்டம் இருக்கிறது, குறைவது கையும் நேரமும்.

நாம் செய்யத்தக்கது

நம் சங்கம் இவ்வாண்டு ஒரே ஒரு தமிழ்ப் படக்கதையை எடுத்துக்கொள்ளட்டும். அதைச் சொல்லோவியமாக எழுதி, ஒலிப்பதிவும் செய்வோம். அண்ணாச்சியிடம் பல மாலைகள் வாசித்து நான் கற்ற முறைகளைக் கீழே தருகிறேன்.

முதலாவது, கதை தொடங்குமுன் பாத்திரங்களை அறிமுகம் செய்க: இன்னார் நெட்டை, இன்னார் நெற்றியில் தழும்பு என்று. இரண்டாவது, பக்க எண்ணையும் கட்ட எண்ணையும் சொல்லுக. கேட்பவர் மீண்டும் தேடி வர அது உதவும். மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்திலும் இடம், ஆள், செயல், பேச்சு என்ற வரிசை பிறழாதிருக்க. நான்காவது, பேசுபவர் பெயரைப் பேச்சுக்கு முன்னே கூறுக. ஐந்தாவது, படத்தில் இல்லாததைக் கூட்டாதிருக்க. ‘அவன் சினந்தான்’ என்பதைவிட ‘புருவம் நெறித்தான், கை முட்டி இறுகியது’ என்பது நன்று. ஆறாவது, கட்டத்துக்குக் கட்டம் சற்று நிறுத்துக. ஏழாவதும் தலையாயதும்: எழுதி முடித்ததைப் பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துக. அவர்க்காகச் செய்வதை அவரின்றிச் செய்வது, யானைக் கதையில் அருகே நின்றவர் செய்ததற்கு ஒப்பாகும்.

காரியவட்டத்தில் நம்மோடு பயிலும் மாணவர் ஒருவர் பார்வையற்றவராயின், அவர்க்குப் பாடநூல் படித்துக்காட்ட நம்மில் பலர் முன்வருவோம். நல்லதே. ஆனால் பாடம் மட்டுமா வாழ்வு? வேடிக்கையும் வீரமும் வீண்பொழுதும் அவர்க்கும் உரியன அல்லவா? புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கோ, படக்கதை தாய்மொழியின் முதல் வாசலுமாகும். அவ்வாசல் கண்ணுள்ள பிள்ளைக்கு மட்டும் திறந்திருப்பது முறையா?

சென்ற ஓணம் விடுமுறையில் அண்ணாச்சிக்குப் புதிய இதழ் ஒன்றைக் கட்டம் கட்டமாகச் சொன்னேன். ஒரு பக்கத்தின் கடைசிக் கட்டத்தைச் சொல்லி நிறுத்தினேன். நொடிப்பொழுது அமைதி. பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் இன்னும் சிரிக்கவில்லை. ஓவியர் அங்கே என்ன வைத்திருந்தார் என்பது எனக்கு அதுவரை எட்டவில்லை. “என்ன அண்ணாச்சி?” என்றேன்.

“படத்தை நல்லாப் பாரு தம்பி” என்றார் அவர்.